வேர் தேடும் படலம் – 9: கப்பலேறியவன் கணக்கு

பரணில் கிடக்கும் பத்திரங்களையும் ஜாதகக் கட்டுகளையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் வம்சாவளியை எவ்வளவு தூரம் மேலே ஏற்றிக்கொண்டு போகலாம் என்பதைச் சென்ற இரண்டு வாரங்களாகப் பார்த்தோம். அந்தப் பாக்கியம் நிலபுலன் உடையவர்களுக்கும், திதி தவறாமல் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லிவந்த குடும்பங்களுக்குமே வாய்த்தது என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். பிறர் நிலத்தில் உழுது, பிறர் களத்தில் போரடித்து, கூலியாகக் கிடைத்த தானியத்தைக் கூழாகக் காய்ச்சிக் குடித்துவிட்டு மறைந்துபோன ஜனங்களுடைய பெயர்கள் எந்த ஓலையில் இருக்கின்றன, எந்த முத்திரைத் தாளில் இருக்கின்றன? அநேகமாக எதிலும் இல்லை. ஆனால் இந்தப் பொது விதிக்கு விசித்திரமான விலக்கு ஒன்று உண்டு. அப்படிப்பட்ட ஏழை ஒருவன் ஊரிலேயே இருந்து காலமாகியிருந்தால் அவனைப் பற்றி ஒரு வரியும் எஞ்சியிராது; ஊரைவிட்டுக் கிளம்பிப் போய்ச் சென்னையில் கப்பலேறியிருந்தானானால், அவன் பெயரும், தகப்பன் பெயரும், வயதும், கிராமமும், இடது புருவத்துக்கு மேல் இருந்த வெட்டுத் தழும்பும்கூட இன்றைக்கு நம் வீட்டுக் கணினித் திரையில் வந்து நிற்கும்.

இதை நான் அறிந்துகொண்டது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து வந்த ஓர் அம்மையாரால். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த தமிழ், தாத்தா, ஆயா என்ற உறவுச் சொற்களும், சில பலகாரங்களின் பெயர்களும், பொருள் தெரியாமல் ராகத்தோடு பாடம் செய்திருந்த ஒரு மாரியம்மன் பாட்டும் மாத்திரமே. நண்பர் ஒருவர் கொடுத்த அறிமுகத்தின்பேரில் என் வீட்டுக்கு வந்தவர், கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, ஏதோ அர்ச்சனைத் தட்டை நீட்டுவதுபோல இரண்டு கைகளாலும் நீட்டினார். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் 1889-ஆம் வருஷம், டர்பன் அடங்கிய நட்டால் பிரதேசத்தில் இறங்கியபோது எழுதப்பட்ட வரி அது. ஐந்து இலக்கத்தில் ஓர் எண், அதற்குப் பிறகு பெயர், வயது 22, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம். “இந்த ஊர் எங்கே இருக்கிறது?” என்பதுதான் அவருடைய கேள்வி. கிராமம் என்ற கட்டத்தில் எழுதியிருந்த ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிப் படித்தால் ‘பட்டிவாடோ’ என்று வந்தது. அப்படி ஓர் ஊரை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகச் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி நட்டால் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரையில், இடையே சில வருஷங்கள் நின்றும் நடந்தும், 384 தடவை கப்பல்கள் வந்து மொத்தம் 1,52,184 பேரை இறக்கின. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் ஏறியவர்கள். மற்றவர்கள் கல்கத்தாவில் ஏறியவர்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. தோட்டத்தில் கூலி கொடுக்கும்போதும், கோர்ட்டில் நிறுத்தும்போதும், கல்யாணத்தைப் பதிவு செய்யும்போதும், குழந்தை பிறந்ததை எழுதும்போதும் அந்த எண்ணே ஆளாகக் கருதப்பட்டது. கப்பல் கப்பலாக எழுதப்பட்ட அந்தப் பேரேடுகளை, டர்பன்–வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் சரித்திரப் பேராசிரியையாக இருந்த ஜாய் பிரெயின் என்பவர் 1980-களில் பெருமுயற்சி எடுத்துக் கணினியில் ஏற்றுவித்தார். இப்போது அது க்வாஜூலு–நட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காந்தி–லுத்துலி ஆவண மையத்தின் பொறுப்பில் இருக்கிறது; தேடுவதற்குக் கட்டணம் இல்லை.

ஒரு குமாஸ்தா இவ்வளவு விவரங்களையும் எழுதிக்கொண்டது கருணையினால் அல்ல. ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்னே ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்குத் தழும்பு வேண்டும். ஒருவன் பெயரில் இன்னொருவன் வேலையைத் தட்டிக்கழிக்காமல் இருப்பதற்குத் தகப்பன் பெயர் வேண்டும். செத்துப்போனால் கணக்கைத் தீர்ப்பதற்கு ஊர் வேண்டும். மாட்டுச் சந்தையில் சுழி பார்த்து எழுதிக்கொள்கிற காரியத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. இருந்தபோதிலும், ஊரில் தங்கிவிட்ட தம்பியின் முகத்தில் தழும்பு இருந்ததா இல்லையா என்று நமக்குச் சொல்ல ஒருவருமில்லை. கரும்புத் தோட்டத்துக்கு விற்கப்பட்ட அண்ணனுடைய தழும்பு மாத்திரம் சாசுவதமாகிவிட்டது.

ஒப்பந்தம் என்ற சட்டக் காகிதம் இருந்த இடங்களில்தான் இப்படி நடந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மொரீஷியஸுக்குப் போனவர்களுடைய பதிவேடுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி கழகத்தில் இருக்கின்றன. அவற்றில் பலருடைய புகைப்படம்கூட உண்டு. 1879-க்கும் 1916-க்கும் இடையில் ஃபிஜித் தீவுகளுக்கு ஏற்றுமதியான அறுபதாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு. சென்னையிலிருந்து அங்கே கப்பல் போகத் தொடங்கியது 1903-இல். ஆனால் தமிழர்கள் மிகப் பெருந்தொகையாகப் போன இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் கதை வேறு. அங்கே ஆள் சேர்த்தவன் கங்காணி. ஆளைக் கட்டி வைத்தது சட்டக் காகிதம் அல்ல, அவனுடைய கடன் நோட்டு. அந்த நோட்டுகள் கங்காணிகளோடே போய்விட்டன. ஆகையால் கண்டியிலோ ஹட்டனிலோ பிறந்த ஒருவர், தம் முப்பாட்டன் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் எந்த ஊரை விட்டுப் புறப்பட்டார் என்று தேடுவது, கடல் கடந்து பல மடங்கு தூரத்தில் இருக்கும் டர்பன்காரர் தேடுவதைவிடக் கஷ்டமானது. பக்கத்தில் போனவர்களைவிடத் தூரத்தில் போனவர்களுக்கே தடயம் அதிகம்.

நட்டால் ஏடுகளிலும் எல்லாத் தமிழரும் இருக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சொந்தச் செலவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். உதாரணமாக, தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகி தில்லையாடி வள்ளியம்மையின் தகப்பனார் ஜோஹனஸ்பர்க்கில் வியாபாரம் செய்தவர். இப்படிப்பட்டவர்களை ஒப்பந்தக் கூலிகளின் பேரேட்டில் தேடிக் களைத்துப்போவதில் பிரயோஜனமில்லை.

இனித் தேடும் விதத்துக்கு வருவோம். பேரேட்டை எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது. சொன்னவனுக்கு எழுதத் தெரியாது. இந்த இருவருக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட பெயர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. முதலி என்பது ‘மூட்லி’ ஆயிற்று. படையாச்சி ‘படயாச்சீ’ ஆயிற்று. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகி, இன்று டர்பனில் வீதிக்கு வீதி பெயர்ப்பலகைகளில் விளங்குகிறார். மாரிமுத்துவையும் பச்சையம்மாளையும் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். கணினிக்கோ நாம் எந்த எழுத்தைத் தட்டுகிறோமோ அந்த எழுத்து மாத்திரமே தெரியும். ஆகவே முழுப் பெயரையும் தட்டிவிட்டு, ‘இல்லை’ என்று திரை சொன்னவுடன் மனந்தளர்வது புத்திசாலித்தனமல்ல. முதல் மூன்று எழுத்துக்களை மாத்திரம் தட்டிப் பார்க்கவேண்டும். ககரத்துக்கு இரண்டு ஆங்கில எழுத்துக்களையும், வகரத்துக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் போடவேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பெயரை விட்டுவிட்டு வருஷத்தையும் ஜில்லாவையும் வைத்துக்கொண்டு கப்பல் கப்பலாகப் படிக்கவேண்டும். என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன்: இந்த ஏடுகளில் உயிரெழுத்துக்கள் சர்வ சாதாரணமாகப் பொய் சொல்லும், மெய்யெழுத்துக்கள், தங்கள் பெயருக்கு ஏற்றபடி, பெரும்பாலும் மெய்யே சொல்லும்.

அம்மையாருடைய ‘பட்டிவாடோ’வும் அப்படித்தான் பிடிபட்டது. உயிரெழுத்துக்களைத் தள்ளிவிட்டுப் பகரம், டகரம், வகரம், டகரம் என்ற நான்கை மாத்திரம் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தாலுகா என்ற கட்டத்தில் ‘போலூர்’ என்று இருந்தது. ஜில்லா, வட ஆர்க்காடு. போளூருக்கு அருகில் படவேடு இருப்பதைத் தெரிந்துகொள்ளத் தமிழ் வித்துவானாக இருக்கவேண்டியதில்லை. ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறியிருந்தால் போதும். ரேணுகாம்பாள் சந்நிதி உள்ள ஊர் அது. ஒரு காலத்தில் சம்புவராயர்களுக்குத் தலைநகரமாக இருந்து, இன்று வயல்களுக்கு நடுவே கோட்டையின் எச்சங்களோடு கிடப்பது. டர்பனில் அவருடைய குடும்பத்தார் மூன்று வருஷங்களாகப் படாத பாடுபட்டும் கிடைக்காத ஊர், காதில் விழுந்த மாத்திரத்தில் கிடைத்துவிட்டது. என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. ஏட்டைக் கணினியில் ஏற்றிவைத்தவர்களால் எழுத்தைத்தான் கொடுக்க முடிந்தது, அதன் ஓசை இந்தப் பக்கத்து மனிதர்களின் காதுகளில் இருக்கிறது.

ஜில்லாவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். பேரேட்டில் உள்ள வட ஆர்க்காடு இன்றைய தேசப்படத்தில் இல்லை. சித்தூர், சந்திரகிரி முதலிய பிரதேசங்களும் ஒரு காலத்தில் அதில் அடங்கியிருந்தன. 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. எஞ்சியது 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒன்றான வேலூர் 2019-இல் மறுபடியும் மூன்றாயிற்று. வேலூர் மாவட்டத்தில் மாத்திரம் தேடுகிறவர்களுக்குப் படவேடு எப்படி அகப்படும்? அது திருவண்ணாமலை மாவட்டத்தில் அல்லவா இருக்கிறது! ஆர்தர் காக்ஸ் என்ற உத்தியோகஸ்தர் 1881-இல் வெளியிட்ட வட ஆர்க்காடு ஜில்லா மானுவல் போன்ற பழைய நூல்களைத் தாலுகா தாலுகாவாகப் புரட்டுவதே உத்தமமான வழி. இப்படிப்பட்ட நூல்கள் பல ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்ற இலவச நூல்நிலையத்தில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

நான் மிகவும் ரசித்த விஷயம் வேறொன்று. பேரேட்டில் ஒருவனுடைய வரியைக் கண்டுபிடித்தவுடன் பெரும்பாலோர் சந்தோஷத்தோடு அதை அச்சிட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். அந்த வரிக்கு மேலே பத்து வரிகளையும் கீழே பத்து வரிகளையும் படிக்காமல் எழுந்திருக்கவே கூடாது. ஒரே ஊரிலிருந்து சேர்ந்து புறப்பட்டவர்கள், கப்பலேறுவதற்குமுன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் சேர்ந்து நின்றிருப்பார்கள். சேர்ந்து நின்றவர்களுக்கு எண்ணும் அடுத்தடுத்து விழுந்திருக்கும். அம்மையாருடைய முப்பாட்டனாருக்கு அடுத்த எண்ணில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள்; தனியாள் என்று குறித்திருந்தது; ஜில்லாவும் தாலுகாவும் கிராமமும் அவருடையவையே. அவளுடைய பெயரைப் படித்துச் சொன்னதும் அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. அதுதான் அவருடைய முப்பாட்டியின் பெயர். இருவரும் கப்பலில் சந்தித்து, நட்டாலில் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது அவர்கள் குடும்பத்தில் வழிவழியாக வழங்கிவரும் கதை. கப்பலில்தான் சந்தித்தார்களா, அல்லது படவேட்டிலேயே சந்தித்து, இருந்தால் விபரீதம் என்று இரவோடு இரவாகப் புறப்பட்டவர்களா? சாதி என்ற கட்டத்தில் இருவருக்கும் வேறு வேறாக எழுதியிருந்தது. அந்தக் கட்டத்தை நம்பி எதையும் தீர்மானிப்பது அபாயம். டிப்போவில் வாய்க்கு வந்த சாதியைச் சொன்னவர்களும் உண்டு, குமாஸ்தா தனக்குத் தெரிந்த நாலைந்தில் ஒன்றை எழுதிவைத்ததும் உண்டு. ஆகையால் நான் என் ஊகத்தை வெளியிடவில்லை. ஆனால் அம்மையார் பள்ளிக்கூட ஆசிரியை. என் முகத்தைப் பார்த்தே படித்துவிட்டார். “எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வதைக் கேட்கிற ஜாதி இல்லை என்று என் அம்மா சொல்லுவாள்” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

பேரேட்டின் எண் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மேலும் சில கதவுகள் திறக்கின்றன. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தாருடைய கணினி அட்டவணை ஒன்று உண்டு. அதன் சுருக்கப் பெயர் ‘நாயர்ஸ்’ என்று ஒலிக்கும். மலையாள நண்பர்கள் க்ஷமிக்கவேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகள் அதில் தலைப்புத் தலைப்பாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அட்டவணையில் தலைப்பு மாத்திரமே கிடைக்கும். காகிதத்தைப் பார்க்கவேண்டுமானால் எழுதிக் கேட்கவோ, ஆள் வைத்துப் பிரதி எடுக்கவோ வேண்டும். ஆனால் தலைப்பே சில சமயம் போதுமானதாக இருக்கிறது. எஜமான் அடித்தான் என்று புகார் செய்தவன், மனைவியை வேறு தோட்டத்திலிருந்து தன்னிடத்துக்கு மாற்றும்படி மனுச் செய்துகொண்டவன், ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்தவன் என்று இப்படி ஒவ்வொருவனும் ஒரே வரியில் உயிர் பெற்று எழுகிறான். இறந்தவருடைய சொத்துக் கோப்பில் வைக்கப்படும் மரண அறிவிப்பு இன்னும் மேலானது. பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, மக்கள் எல்லாம் அந்த ஒரு தாளில் வரவேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதை நிரப்பிக் கொடுத்தவர் அநேகமாக மகனோ மகளோதான். ஆகையால் தகப்பனாரின் ஊரைத் தகப்பனார் எப்படி உச்சரித்தாரோ அப்படியே அதில் காணலாம்.

இத்தகைய கோப்புகளில் பலவற்றை ‘ஃபேமிலி ஸர்ச்’ என்ற தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அமெரிக்காவில் யூட்டா மாகாணத்திலுள்ள மார்மன் கிறிஸ்தவ சபையார் நடத்துவது அது. முன்னோர்களுக்கும் தங்கள் மதச் சடங்குகளைச் செய்யவேண்டும் என்ற சமய நம்பிக்கையினால் அவர்கள் 1938 முதல் உலகமெங்கும் பதிவேடுகளை நுண்படச் சுருள்களில் பிடித்து, மலையைக் குடைந்து கட்டிய அறைகளில் பாதுகாத்துவந்தார்கள். 24 லட்சம் சுருள்களையும் கணினியில் ஏற்றும் வேலை 2021-இல் பூர்த்தியாயிற்று. பிதிர்காரியத்துக்காகப் பெயர் தேடும் வழக்கம் நமக்கு மாத்திரம் சொந்தமானதன்று என்பதை இது காட்டுகிறது. உறுப்பினராகப் பதிந்துகொண்டால் கட்டணமின்றிப் பார்க்கலாம். சென்னை ராஜதானியில் இருந்த ஐரோப்பியர், ஆங்கிலோ–இந்தியர், கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த சில தமிழ்க் குடும்பத்தார் ஆகியோருடைய ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் பற்றிய பதிவுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1998-இல் தோன்றிய ‘ஃபிபிஸ்’ என்ற சங்கத்தார் அவற்றில் பலவற்றுக்கு இலவசமாகத் தேடும் அட்டவணை செய்திருக்கிறார்கள். உமிழ்நீரை அனுப்பினால் உறவினரைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. அவற்றால் மூன்றாம் வழிச் சகோதரர் யார் என்று தெரியலாம். எந்த ஊர் என்று தெரியாது. என் அபிப்பிராயத்தில் அது கடைசியில் பார்த்துக்கொள்ளவேண்டிய காரியம்.

கடல் கடந்து போனவர் பக்கத்தில் இவ்வளவு இருக்க, இந்தக் கரையில் என்ன இருக்கிறது? பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றை இன்று இணையத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அவை இன்றைய உரிமையாளரைச் சொல்பவை. வில்லங்கச் சான்று கணினியில் பொதுவாக 1975-க்கு இப்பால்தான். எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போய்ப் பழைய செட்டில்மென்ட் பதிவேடுகளைப் புரட்டினால் நூறு வருஷத்துக்கு முந்திய பட்டாதாரர் பெயர்கள் கிடைக்கும். பட்டாதாரர் பெயர்கள்! அம்மையாருடைய முப்பாட்டனாருக்குப் படவேட்டில் பட்டா இருந்திருந்தால் அவர் எதற்காகக் கப்பலேறப் போகிறார்?

இதை எடுத்துச் சொல்லியும் அம்மையார் கேட்கவில்லை. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் போளூர் வழியாகப் படவேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கிராம நிர்வாக அலுவலரிடம் போகவேண்டாம் என்று நான் தடுத்ததை ஒப்புக்கொண்டவர், கோயிலுக்குப் போகும் வழியில் இருந்த வயல்களைப் பார்த்து, ஏதோ ஒரு வரப்பு தம்மை அடையாளம் கண்டுகொள்ளும் என்று எதிர்பார்ப்பவர்போல நின்று நின்று நடந்தார். வரும் வழியெல்லாம் டர்பனைப் பற்றித்தான் பேச்சு. அங்கேயும் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களாம்; அதை ஆங்கிலத்தில் ‘கஞ்சிப் பிரார்த்தனை’ என்று பொருள்படும்படி சொல்கிறார்கள். அது அவர்களுக்கு நடுக் குளிர்காலம். போர்வையைப் போர்த்துக்கொண்டு கூழ் குடிப்பது சிறு வயதில் தமக்கு மிகவும் பிடித்த காரியம் என்று சொன்னார். குளிர்காலத்தில் ஏன் கூழ் என்று அங்கே யாரும் கேட்டதில்லையாம்.

கோயிலுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் பெரிய அண்டாவை வைத்துக்கொண்டு கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றிருந்த ஒரு கிழவி அம்மையாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம், “யாரு சாமி இவங்க, எந்த ஊரு?” என்று கேட்டாள்.

“இந்த ஊருதான் ஆயா. போயி நூத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆவுது” என்றேன்.

கிழவி அதில் ஆச்சரியப்படத்தக்க விஷயம் ஒன்றும் இருப்பதாக நினைக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். “சொம்பு கொண்டாந்திருக்காங்களா கேளு. இல்லாட்டி எதுல வாங்குவாங்க?” என்றாள்.